வரிசையில் பவளத்தின் இடம்

காலையில் பல் துலக்கியதும் ஐம்பது கிலோ மணலை உடம்பில் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. பூமியில் பிறந்து இங்கே வந்தவர்கள் பாரம் சுமக்காமல் திரிந்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்று குடியேற்ற மருத்துவர்கள் விதி போட்டிருந்தார்கள். அதற்காகத்தான் எடைச்சட்டை. முன்பக்கக் கொக்கிகளை நாமே மாட்டிக்கொள்ளலாம். முதுகில் வரும் வாரை இன்னொருவர்தான் இழுத்து முடிய வேண்டும். முப்பத்தொரு வருடம் பவளத்துக்கு நான் முடிந்தேன், எனக்கு அவள் முடிந்தாள்.

"மூச்ச இழுங்க. வயித்த இல்ல, மூச்ச" என்பாள், ஒவ்வொரு நாளும்.

இப்போது பக்கத்து அறைக்காரர் முடிந்துவிடுகிறார். நல்ல மனிதர். ஒன்றும் சொல்லமாட்டார்.

சட்டையின் பாரத்தில் எங்கள் முதுகு வளைந்துவிடும், கைகள் முன்னால் தொங்கும். இங்கேயே பிறந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. குறைந்த ஈர்ப்பில் வளர்ந்ததால் ஏழரை அடி உயரம், மூங்கில் போல நேரான நடை. அவர்களுக்கு நெடியர் என்று பெயர். எங்களைக் கனத்தவர் என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள்.

பவளம் குவிமாட அருங்காட்சியகத்தில் உயிரியல் விளக்குநர். அதன் வாசல் கூடத்தில் ஆறு சிலைகள் நின்றன. முதலில் கையூன்றி நடக்கும் சிம்பன்சி, கடைசியில் நிமிர்ந்த மனிதன். 'ஏறுவரிசை' என்று பலகை. அதை எடுத்துவிட்டு, கிளை பிரியும் மரம் ஒன்றை வைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கோரிக்கை. பதினான்கு வருடத்தில் ஒன்பது மனு எழுதினாள்.

அந்தக் கோபம் பூமியிலேயே தொடங்கியது. கல்யாணமான புதிதில் தென்காசியில் ஒரு பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கேயும் இதே மாதிரி சுதைச் சிலைகள். நான் என் தொப்பியைக் கழற்றி சிம்பன்சியின் தலையில் கவிழ்த்துவிட்டு, கடைசி மனிதனுக்கும் முன்னால் போய் மார்பை நிமிர்த்தி நின்றேன். படத்தை எடுத்த பிறகுதான் சண்டை பிடித்தாள்.

"பங்காளிக்கு இதுதான் மரியாதையா?"

"குரங்கு நமக்குப் பாட்டன்தானே?"

"யாரு சொன்னா? உங்களுக்கும் உங்க சித்தப்பா மகனுக்கும் தாத்தா ஒருத்தர்தான். அதுக்காக அந்தச் சித்தப்பா மகன் உங்களுக்குத் தாத்தா ஆயிடுவாரா? அந்த மாதிரி இவங்களுக்கும் நமக்கும் ஒரே தாத்தா. அவரு போய்ச் சேந்து அறுபது லட்சம் வருஷமாச்சு."

"அப்ப இவங்க ஏன் இன்னும் மனுஷனாகாம இருக்காங்க?"

"உங்க சித்தப்பா மகன் ஏன் இன்னும் நீங்களாகாம இருக்காரு? அந்தக் குடும்பம் செஞ்ச புண்ணியம்."

அந்தப் படம் இன்றும் என் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது.

இங்கே அருங்காட்சியகத்துக்கு வரும் நெடியர் பிள்ளைகளிடமும் சலிக்காமல் சொல்வாள். "நீங்க உசரமா இருக்கிறது பரிணாமம் இல்லடா, வளந்த இடம். பூமியில வளத்திருந்தா என் உசரம்தான் இருப்பீங்க. நீங்களும் நானும் ஒரே கிளைதான்." பிள்ளைகள் மரியாதையாகக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள்.

ஒன்பதாவது மனுவுக்குப் பதில் வருமுன் அவளுக்கு நுரையீரல் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். கடைசி நாள் காலையில், "பதில் வந்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வந்தா, மரத்த எந்தப் பக்கம் வைக்கிறாங்கன்னு மட்டும் போய்ப் பாருங்க."

ஆறு மாதம் கழித்து அருங்காட்சியகக் காப்பாளர் எழினி வீட்டுக்கு வந்தாள். பவளத்திடம் படித்த நெடியப் பெண். எங்கள் நிலைவாசலில் இரண்டாக மடிந்துதான் உள்ளே வர முடிந்தது.

"ஐயா, டீச்சர் மனு பாஸாயிடுச்சு. வாசல் கூடத்தையே டீச்சர் பேர்ல புதுசா செய்யறோம். அவங்க பொருள் ஏதாவது ஒண்ணு குடுங்க."

எடைச்சட்டையைக் கொடுத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

திறப்பு நாளில் திரையை நான்தான் இழுத்தேன். மரம் இல்லை. வரிசை அப்படியே நின்றது, ஒரு சிலை கூடுதலாக. கடைசியில் கூரையை முட்டும் ஒரு நெடியன். அவனுக்கு முந்தைய இடத்தில், பழைய மனிதனை எடுத்துவிட்டு, பவளத்தை வைத்திருந்தார்கள். முகம் அவள் முகமேதான். எடைச்சட்டைக்குள் முதுகு வளைந்து, கைகள் தொங்க, தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

எழினிக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்லா வந்திருக்கா ஐயா? நாம எல்லாம் ஒரே குடும்பம்னு சொல்லிட்டே இருப்பாங்கல்ல. அதான் குடும்பத்துக்குள்ளயே வெச்சுட்டோம்."

"மரம்?"

"மரம் குழப்புதுன்னு கமிட்டில சொல்லிட்டாங்க. யாரு முன்னால நிக்கறாங்கன்னே பிள்ளைங்களுக்குப் புரியலையாம்."

பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிஸ், இவங்ககிட்டருந்துதான் நாம வந்தோம்னா, இந்தத் தாத்தா ஏன் இன்னும் இருக்காரு?"

எழினி பதறி அவளை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பவளத்துக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். அவள் சொன்னால்தான் அது நன்றாயிருக்கும்.

அவள் இருந்தபோது தினமும் மாலை ஆறு மணிக்கு அவளுடைய வாரை அவிழ்ப்பேன். அவிழ்த்ததும் ஒரு நொடி, கூரையைத் தொடப்போகிறவள் போல நிமிர்வாள். அது நினைவுக்கு வந்தது. சிலையின் பின்னால் போனேன். முதுகில் யாரோ அழகுக்காகப் பூ முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதை அவிழ்த்து, முன்பக்கக் கொக்கிகளையும் கழற்றினேன். இங்கே எல்லாம் விழுவது போல, சட்டை மெதுவாகத் தரைக்கு வந்தது.

சிலை நிமிரவில்லை. உள்ளேயும் அவளை வளைத்தே செய்திருந்தார்கள்.

எழினி சட்டையை எடுத்து மறுபடி மாட்டினாள். "பின்னாடி மட்டும் நீங்க முடிஞ்சுடுங்க ஐயா" என்றாள். முடிந்தேன். இழுத்துக் கட்டவில்லை.

பிறகு படம் எடுத்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் நெடியன் சிலைக்கும் முன்னால் மார்பை நிமிர்த்தி நின்றார்கள். என்னைப் பவளத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். கேள்வி கேட்ட பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் ஏதோ குறைவதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இரண்டே எட்டில் வந்து, தன் பள்ளித் தொப்பியை என் தலையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் கழற்றவில்லை.

அந்தப் படத்தையும் தலைமாட்டில், பழையதன் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டிலும் தொப்பி போட்டிருப்பவர் கேமராவைப் பார்க்கவில்லை. பங்காளி தரையைப் பார்க்கிறார். நான் பவளத்தைப் பார்க்கிறேன்.