அழுகைப் பலகையின் அடியில்

"அக்கா, அந்த வைக்கோல் உனக்கு நாறலையா?" என்று போன வருஷ முகாம் கூடுகையில் தங்கை ஒடெல் கேட்டபோது, வெர்லீன் இல்லையென்று தலையாட்டிவிட்டாள்.

இந்த ஆகஸ்டில் ஒடெலின் முறை, அவள் மண்டியிட வேண்டும். தென் கரோலினாவின் அந்த மெதடிஸ்ட் முகாம் மைதானத்தில், பிரசங்கக் கொட்டகையின் மேடைக்கு முன்னால் கிடக்கும் நீளப் பலகைக்கு அழுகைப் பலகை என்று பெயர். பாவத்துக்காக அழ வருகிறவர்கள் அதன்முன் வைக்கோலில் முழங்கால் ஊன்றுவார்கள். பழைய வைக்கோலை அள்ளக் கூடாது, முன்னோர் கண்ணீர் அதில் இருக்கிறது என்று அதன்மேலேயே புதிது பரப்புவார்கள். அழுகை முற்றும்போது முழங்காலில் வெதுவெதுவென்று ஓர் ஈரம் படரும். "ஆவி தொட்டுருச்சு!" என்று கொட்டகையே கூவும். வெர்லீனையும் அது தொட்டது. அன்றிலிருந்து இறைச்சிக் கொழுப்பைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

சாயங்கால ஆராதனைக்கு முன் கொட்டகை காலியாக இருந்தது. வெளியே கோழி வறுபடும் மணம். உள்ளே ஊறிய துணி, புளித்த பால், என்றுமே கழுவாத வாய் எல்லாம் கலந்த நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் வைக்கோலை விலக்கினாள்.

"ஏண்டி, கோழி மாதிரி கிளறுற? முட்டை தேடுறியா?" வாசலில் லுவெல்லா அத்தை.

"கீழ என்னமோ இருக்கு அத்தை."

"இருக்காதா பின்ன? நம்ம குடும்பத்துப் பாவம் பூரா அங்கதான கெடக்கு!" சிரித்தபடி அத்தை நகர்ந்தாள்.

அடி அடுக்குகள் கறுத்து, சளியாகக் கையில் இழுபட்டன. நடுநடுவே முடி. அதற்கும் கீழே இளஞ்சிவப்பாய், சொரசொரப்பாய் ஏதோ ஒன்று. அவள் நெற்றி வியர்வை அதன்மேல் சொட்டியது. அது சுருண்டது. எழும்பி, அவள் மணிக்கட்டை மெதுவாக நக்கியது.

ஆராதனைக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள். கூட்டம் உள்ளே நிறைந்தது. அம்மா ஒடெலின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"வேணாம்மா! அது ஆவி இல்ல. நாக்கு!"

"வாயக் கழுவுடி. ஊர் முன்னால மானத்த வாங்காத."

ஒடெல் மண்டியிட்டாள். பாட்டு எழுந்தது. அவள் அழுதாள். பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம். உறிஞ்சும் சத்தம்.

அழுகை நின்றது.

வெர்லீன் பாய்ந்து தங்கையை இழுத்தாள். சேற்றிலிருந்து பிடுங்கியதுபோல் ஒடெல் வந்தாள். முழங்காலில் தோல் இல்லை. ரத்தமும் இல்லை. துடைத்த வெள்ளை.

"அல்லேலூயா!" பெண்கள் வெர்லீனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார்கள். விடவில்லை.

அம்மா குனிந்தாள். அவளுடைய தடித்த காலுறை நழுவியது. அவள் முழங்காலிலும் சதை இல்லை. எலும்பின்மேல் மழமழவென்று ஒரு சவ்வு. வைக்கோலுக்குள் புரண்டுகொண்டிருந்ததை அம்மா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு வெர்லீனின் விரல்களைத் தங்கையின் தோளிலிருந்து பிரித்தாள். ஒடெலை அதே இடத்தில் மறுபடி மண்டியிட வைத்தாள். போர்வை செருகுவதுபோல் சுற்றிலும் வைக்கோலை அணைத்துவிட்டு, தன் காலுறையை மேலே இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.