நிறமில்லை... மணமில்லை... சகலையும் இல்லை!

போன் அலறியது!

எடுப்பதற்கு முன், பெரிய மாப்பிள்ளை கண்ணாடியில் துக்க முகம் ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

"மாப்ளே! குளிக்கப் போன சின்ன மாப்ளே வெளியவே வரலை! தட்டுறேன்... பதிலே இல்லை! தண்ணி மட்டும் கொட்டிக்கிட்டே இருக்கு!"

மாமனாரின் குரல் உடைந்தது.

'எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்தக் குரல் எங்கே போச்சாம்?'

பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. காற்று மாசு சோதனைக்கூடத்தில் அதிகாரி அவர். "காத்தைப் பிடிக்கிறதுக்குக்கூட ஒரு ஆபீஸா?" என்பார் மாமனார். ஆனால் கார் ஷோரூம் வைத்திருக்கும் சகலை தும்மினால்கூட, "அடடா, என்ன கம்பீரம்!"

போதும்... இனி தும்ம மாட்டான்.

சகலை வீட்டுக் குளியலறை கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் தோட்டத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நேற்று சாயங்காலம் அதில் ஈரச்சாக்கைத் திணித்துவிட்டு வந்தவர் இவர்தான்!

சகலை வீட்டுக்கு ஓடினார்.

எதிர்வீட்டுப் பெண் இன்ஸ்பெக்டர் காக்கி உடையோடு கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க பெரியவரே!"

"ஐயோ... என் தங்கமே!" மாமனார் கதறினார்.

கதவு பிளந்தது!

இன்ஸ்பெக்டரும் மாமனாரும் தரையில் கிடந்தவரிடம் பாய்ந்தார்கள். பெரிய மாப்பிள்ளை ஜன்னலுக்குப் பாய்ந்து படாரென்று திறந்தார்.

சகலையை ஹாலுக்கு இழுத்துப் போட்டார்கள். முகம் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது.

'பாவி... இந்த நிலைமையிலயும் கலரா இருக்கானே!'

இன்ஸ்பெக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆம்புலன்ஸ் வந்து அள்ளிப் போனது. மாமனாரும் அழுதபடி ஏறிக்கொண்டார்.

பின்பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்த இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க காத்து நிபுணராமே? என்ன ஆகியிருக்கும்?"

"மாரடைப்பு மேடம்! மெயின் ரோட்டு மேல வீடு கட்டாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். லாரி, பஸ் விடற டீசல் புகையில நுண்தூசி... கண்ணுக்கே தெரியாது. நுரையீரல்ல பூந்து, ரத்தத்துல கலந்து, இதயத்தையே சாய்ச்சிடும்!"

"அடேயப்பா! வேற?"

"நைட்ரஜன் டை ஆக்சைடு. அதுவும் வண்டிப் புகைதான். மூச்சுக்குழாய் வீங்கும். நிலக்கரி எரிச்சா கந்தக டை ஆக்சைடு... இழுப்பு வரும். வெயில் ஏறினா வண்டிப் புகையே ஓசோனா மாறி நெஞ்சைக் கரிக்கும்..."

"பிரமாதம்! ஒண்ணை மட்டும் முழுங்கிட்டீங்களே?"

"எ... எதை?"

"கார்பன் மோனாக்சைடு! கேஸ் அரைகுறையா எரிஞ்சா வருமே! ரத்தத்துல ஆக்சிஜனோட நாற்காலியைப் பிடுங்கிக்கிட்டு உட்கார்ந்துடுமே! ஹீட்டர் குழாய்ல ஈரச்சாக்கு அடைச்சிருக்கு சார்."

"ஐயய்யோ! எவன் வேலை?"

"கதவை உடைக்கறப்ப நானும் பெரியவரும் கத்திக்கிட்டிருந்தோம். நீங்க மட்டும் கன்னத்தை உப்பி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க!"

பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. மூடிய அறைக்குள் நுழையும் முன் மூச்சைப் பிடி... நுழைந்ததும் ஜன்னலைத் திற... சோதனைக்கூடத்தின் முதல் பாடம்! கை கால்கள் தாமாகவே செய்துவிட்டன!

"அ... அது எங்க வேலைப் பழக்கம் மேடம்!"

"இருக்கட்டும். உள்ளே வாயு இருக்கும்னு பயந்து மூச்சைப் பிடிச்ச நிபுணர், மாரடைப்புன்னு ஏன் சார் சாதிக்கணும்?"

பெரிய மாப்பிள்ளை வாசல் பக்கம் நகர்ந்தார்.

அவருடைய போன் அலறியது. இன்ஸ்பெக்டரே ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே! பிழைச்சுட்டாரு! ஆக்சிஜன் வச்சதும் கண்ணைத் திறந்துட்டாரு!"

"பி... பிழைச்சுட்டானா?"

"நாடி இருந்துச்சு சார்," இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார். "உங்க முகத்தைப் பார்க்கத்தான் உதட்டைப் பிதுக்கினேன். பளிச்சுன்னு மலர்ந்துச்சு!"

மாமனார் தொடர்ந்தார்.

"அந்த ஜன்னலை உடனே திறக்கலைன்னா போயிருப்பாராம்! டாக்டரே சொல்றாரு! உங்களை மாதிரி ஒரு மருமகன் எந்த மாமனாருக்குக் கிடைப்பான்? நீங்கதான் மாப்ளே, நிஜமான மாப்ளே!"

கல்யாணமான நாளிலிருந்து ஏங்கிய வார்த்தை!

வந்தேவிட்டது... தன் கொலைத் திட்டத்தைத் தானே கெடுத்ததற்காக!

பெரிய மாப்பிள்ளை விம்மினார். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"அழாதீங்க சார்... ஜீப்ல ஜன்னலோர சீட்டு உங்களுக்குத்தான்!"