பச்சை விளக்கு அணையும்வரை

வாசலில் சந்தை வண்டி மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தது.

"கேக்குதா? இன்னிக்குச் செவ்வாக்கிழமை. வண்டி நமக்காக நிக்காது," என்றார் பக்கத்து வீட்டு மோஹா. அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் இத்தோவின் கறுப்பு நாய் அபர்கான்.

"இன்னும் கொஞ்சம் மாமா," என்றாள் இத்தோ. அவளுக்குப் பதினொரு வயது. லேப்டாப்பின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரமாக மோஹாவின் பட்டியில் ஆட்டுக்குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இன்று விடிந்ததும் அவர் போய்ப் பார்த்தபோது, கழுத்தில் காயத்தோடு ஒரு குட்டி கிடந்தது. அதன் பக்கத்திலேயே அபர்கான் படுத்திருந்தது. வாயெல்லாம் ரத்தம்.

அப்புறம் என்ன? அஸ்ரூ நகரச் சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்றி, வழியில் கண்காணாத மலையில் விட்டுவிடுவது என்று மோஹா முடிவு செய்துவிட்டார். இத்தோவின் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்று சொல்லிவிட்டார்.

ஆனால் பட்டியின் வேலிக் கம்பத்தில் ஒரு கேமரா இருந்தது.

இத்தோவின் அக்கா தூதா, தேவதாருக் காட்டில் குரங்குகளைக் கணக்கெடுப்பவள். எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும் கேமராக்கள் அவளிடம் உண்டு. அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கி, முந்தாநாள்தான் இத்தோ அங்கே கட்டியிருந்தாள். அதன் மெமரி கார்டு இப்போது கார்டு ரீடருக்குள் இருந்தது. ரீடரின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கார்டில் இரண்டு வீடியோக்கள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டையும் லேப்டாப்பில் நகலெடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"அது பாட்டுக்கு ஏறட்டும். முதல்ல இருக்கறதைக் காட்டு," என்றார் மோஹா.

இத்தோ கார்டிலிருந்தே சின்ன வீடியோவைத் திறந்தாள். சாம்பல் நிற இருட்டில் வேலி தெரிந்தது. ஒரு கறுப்பு உருவம் பாய்ந்து வந்து, வேலியைத் தாண்டிப் பட்டிக்குள் குதித்தது.

அபர்கான்!

இத்தோ திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

"பாத்தியா? எப்படித் தாண்டுது பாரு, திருட்டுப் பய! இதுக்கு மேல என்ன வேணும்? அந்தக் கார்டைக் குடு. ஊர்ல நாலு பேருக்குக் காட்டணும்." மோஹாவின் கை ரீடரை நோக்கி நீண்டது.

இத்தோ சட்டென்று ரீடரை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"பிடுங்காதீங்க மாமா! விளக்கு சிமிட்டுது. இன்னொண்ணு ஏறிட்டிருக்கு!"

"சிமிட்டினா சிமிட்டட்டும். கடிக்கவா போகுது?"

"போன வாரம் நான் இப்படித்தான் பிடுங்கினேன். அக்காவோட கார்டு. திரும்பப் போட்டுப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு மாசக் குரங்கெல்லாம் போச்சு!"

"போனா நல்லதுதான். என் ஆப்பிள் மரமாவது தப்பிக்கும்."

ஹாரன் மறுபடி அலறியது. அபர்கான் மெல்ல முனகியது.

"மாமா, மீதியையும் பாத்துடுங்க. அதுலயும் அபர்கான்தான் தப்பு பண்ணியிருந்தா, நானே வண்டில ஏத்திவிடறேன். சத்தியமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

மோஹா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம் நில்லுய்யா!" என்று கத்தினார்.

திரையில் நகலின் சதவீதம் ஏறியது. எண்பது... தொண்ணூறு... நூறு.

"முடிஞ்சுதுல்ல? எடு!"

இத்தோவின் விரலும் அவசரமாகக் கார்டை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதை அழுத்தினாள். முடியாது என்றது லேப்டாப். கார்டு இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதாம்.

"என்னவாம் அதுக்கு?" என்று உறுமினார் மோஹா.

யார் பயன்படுத்துகிறார்கள்? இத்தோ திரை முழுவதும் தேடினாள். ஓரத்தில் அந்தச் சின்ன வீடியோ மூடாமலே கிடந்தது. வேலிக்கு மேலே அந்தரத்தில் நின்றிருந்தது அபர்கான். அதை மூடினாள். மறுபடி அழுத்தினாள்.

'இப்போது எடுக்கலாம்.'

விளக்கு அணைந்தது.

கார்டை மெதுவாக உருவி, மோஹாவின் உள்ளங்கையில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் எதையும் அழிச்சுட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதுல்ல."

பிறகு லேப்டாப்பில் ஏறியிருந்த பெரிய வீடியோவைத் திறந்தாள்.

பட்டியின் மூலையில் ஒரு குள்ளநரி! அதன் வாயில் ஆட்டுக்குட்டியின் கழுத்து. அபர்கான் அதன்மேல் பாய்ந்தது. இரண்டும் உருண்டன, புரண்டன. நரி குட்டியைப் போட்டுவிட்டு, வேலிக்கு அடியில் நுழைந்து ஓடிப்போனது. அபர்கான் துரத்தவில்லை. குட்டியின் பக்கத்தில் படுத்து, காயத்தை நக்கத் தொடங்கியது. நக்கிக்கொண்டே இருந்தது.

மோஹாவின் கையிலிருந்து கயிறு நழுவியது அவருக்கே தெரியவில்லை. அபர்கான் ஓடிவந்து இத்தோவின் மடியில் முகத்தைப் புதைத்தது.

வெளியே ஹாரன்.

"நீ கிளம்புய்யா!" என்று மோஹா கத்தினார். "எங்களுக்கு ஊர்ல வேலை இருக்கு."

"என்ன வேலை மாமா?"

அவர் தாடியைச் சொறிந்தார். "ரொட்டி சுடறவன், முடி வெட்டறவன், டீக்கடைக்காரன்... எல்லார்கிட்டயும் அபர்கான்தான் திருடன்னு சொல்லிட்டேனே! அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வா புள்ள."

முதல் இரண்டு கடைகளிலும் இத்தோதான் வீடியோவைக் காட்டிக் கதையைச் சொன்னாள். மூன்றாவதாக டீக்கடைக்குப் போனபோது, மோஹாவே நடுவில் நின்று, குள்ளநரி மாதிரி பல்லைக் காட்டி, அபர்கான் மாதிரி பாய்ந்து, நடித்தே காட்டிவிட்டார். லேப்டாப்பைத் திறக்கவே தேவைப்படவில்லை.