நனைந்திருந்த பிரஷ்

பிரஷ் ஈரமாக இருந்தது. குழந்தை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. குளியலறைக்குள் யாரும் போகவும் இல்லை. ஆனாலும் அந்தச் சின்ன மஞ்சள் பிரஷின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, புதினா பேஸ்டின் வாசனையும், அதற்கடியில் துருப்பிடித்த இரும்பைப் போன்ற இன்னொரு வாடையும் ஜன்னலில்லாத அந்த அறைக்குள் அடைந்து கிடந்தன.

இந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் தாரமாக வந்தவள். பெற்றவள் இறந்த பிறகு அந்த நான்கு வயதுப் பெண் பல் தேய்க்கக்கூட யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சி, கொஞ்சி, ஸ்டூலில் நிற்க வைத்து, பின்னாலிருந்து தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, ஒரு விரலால் கன்னத்தை ஒதுக்கித் தேய்த்துவிட அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அந்தத் தலை முதன்முதலாக முழுப் பாரத்தோடு தன்மேல் சாய்ந்த அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது ஈறெல்லாம் புண். நேற்று பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்த கணவன், "யார் மேல இருக்குற கோவத்த இவ வாயில காட்டுற?" என்று கேட்டான். பதில் சொல்லி என்ன பயன்? சித்தி என்றாலே ஊரும் உறவும் தீர்ப்பை முன்னாலேயே எழுதி வைத்துவிடுகின்றன. அந்த பிரஷை ஒருநாளும் தொட்டறியாத மகராசன் அதில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

சாப்பாட்டு மேசையருகே வந்து குனிந்தாள்.

"பாப்பா, சித்தி இல்லாதப்ப யாரும்மா உனக்குத் தேய்ச்சு விடுறது?"

"அவங்க."

"அம்மாவா?"

குழந்தை இல்லை என்று தலையாட்டியது. "அம்மா வலிக்காம தேய்ப்பாங்க."

இன்று தேய்க்கவே வேண்டாம் என்று முடிவு செய்தாள். தட்டை எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. குளியலறையில் குழாய் ஓடியது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். சரக், சரக் என்று, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பது போல.

ஓடினாள்.

குழந்தை ஸ்டூலில் நின்றது. தலை பின்னால் சாய்ந்திருந்தது, முழுப் பாரத்தோடு. பின்னால் யாருமில்லை. கன்னம் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. பிரஷ் தானாக அசைந்தது. நுரை சிவப்பாக வழிந்தது.

"என்னங்க" என்று அலறிக்கொண்டே பாய்ந்து பிரஷைப் பிடித்தாள். பிடித்த கையை இன்னொரு கை மூடியது. குளிர்ந்த கை. ஈரமான கை. அழுத்தித் தேய்த்தது.

கணவன் குளியலறை வாசலில் வந்து நின்றான். அவனுக்குத் தெரிந்தது அவள் கை மட்டும்தான்.

"கைய எடு."

"எடுக்க வரலங்க. என் கையப் பிடிச்சு இழுங்க."

அவன் அவள் கையைத் தொடவில்லை. குழந்தையைத்தான் இழுத்தான்.

குழந்தை வரவில்லை.

குழாயடித் தொட்டியில் ஒரு பால்பல் விழுந்து உருண்டது. பிறகு இன்னொன்று. அவள் கை நிற்கவில்லை.