மாடிக்கு வராத ஆனந்தவள்ளி

இசக்கிச்செல்வி ஏழாம் வகுப்பின் லீடர். நோட்டுகளை அடுக்கிக் கொடுப்பதானாலும் சரி, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பதானாலும் சரி, தன் வகுப்புதான் முதலில் வர வேண்டும் அவளுக்கு.

இலஞ்சியில் அவர்கள் பள்ளிக்கூடம் சிற்றாற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. குற்றாலத்து மலையில் மழை வலுத்துவிட்டால் ஆற்றில் எப்போது தண்ணீர் ஏறும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் ஐப்பசியில் கீழ் வகுப்புகளுக்குள்ளேயே வெள்ளம் வந்துவிட்டது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதனால் இந்த வருஷம் மழைக்கு முன்பே ஒத்திகை வைத்தார்கள். மணி விடாமல் அடித்தால் கீழே இருக்கும் நான்கு வகுப்புகளும் மாடிக்கு ஏறிவிட வேண்டும். லீடர்கள் ஆட்களை எண்ணி ஞானபாக்கியம் டீச்சரிடம் சொல்ல வேண்டும். முதலில் முடிக்கும் வகுப்பின் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும்.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் செல்விக்கு ஆனந்தவள்ளியின் ஞாபகம் வந்தது. ஆனந்தவள்ளி சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவள். மாடிக்கோ இருபத்திரண்டு படிகள். அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினால் எட்டாம் வகுப்பு முந்திவிடும்.

செல்வி அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "நீ இங்கனயே இரி. ஒத்திகைதானட்டி, நெசமாவா வெள்ளம் வருது?"

ஆனந்தவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி அடித்தது. ஏழாம் வகுப்பு இரண்டே நிமிஷத்தில் மாடியில் நின்றது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தபடியே, எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டார்.

"வந்தாச்சு டீச்சர். முப்பத்திரண்டு பேரும்," என்றாள் செல்வி கணீரென்று.

முதல் இடம் அவர்களுக்குத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். செல்வி படியிறங்கி ஓடிவந்தாள். வகுப்பில் அத்தனை புத்தகப் பைகளுக்கும் நடுவில் ஆனந்தவள்ளி தனியாக இருந்தாள்.

"எத்தன பேருன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"முப்பத்திரண்டு."

"அப்போ நானும் மேலதான் இருக்கேன். என்னைய யாரும் கீழ வந்து தேட மாட்டாவ."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செல்விக்குக் காது மடலெல்லாம் சூடானது.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா அடை சுட்டு வைத்திருந்தாள். ஒத்திகையில் முதலாவது வந்தீர்களாமே என்று கேட்டாள். செல்வி தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் தண்ணீர்தான் வந்தது. அது சக்கரத்தைத் தொட்டது, கால் வைக்கும் பலகையைத் தொட்டது, முழங்காலுக்கு ஏறியது. மாடியில் கைதட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் பிரார்த்தனைக்கு முன்பே ஞானபாக்கியம் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழும் என்று நினைத்தாள். டீச்சரோ, "நானும் எண்ணிப் பாக்கலையே செல்வி," என்றார்.

பலகையில் எழுதியிருந்த 'முதலிடம்: ஏழாம் வகுப்பு' அழிந்தது. ஏன் அழிந்தது என்று வகுப்பில் செல்வியே சொன்னாள். சிலர் முறைத்தார்கள். முத்துச்செல்வம் மட்டும், ஆனந்தவள்ளிக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்துகொண்டு தானும் கவனிக்கவில்லையே என்று முணுமுணுத்தான்.

அடுத்த முறை வாட்ச்மேனையும் விளையாட்டு சாரையும் வைத்து ஆனந்தவள்ளியை மாடிக்குத் தூக்கிவிடலாம் என்றார் டீச்சர். சரி என்று தலையாட்டப் போன செல்வி நிறுத்திக்கொண்டாள். இப்போதும் ஆனந்தவள்ளியை யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் அவள் எதிரில் போய் நின்றாள். "நான் செஞ்சது தப்பு. உன்ட்ட ஒரு வார்த்தகூடக் கேக்கல."

"தப்புதான்," என்றாள் ஆனந்தவள்ளி.

செல்வி அப்படியும் போகவில்லை. "உனக்கு எப்படிப் போனா வசதி?" என்று கேட்டாள்.

ஆனந்தவள்ளி யோசிக்கவே இல்லை. இதுவரை யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். "தூக்குனா எனக்குப் பயம். ஆண்டு விழாவுல மேடைக்குத் தூக்கையில சாய்ச்சிட்டாவ. சத்துணவுக் கூடத்துக்கு அரிசி மூட்டை வண்டி ஏறுதுல்லா, அந்தச் சரிவுல நானே ஏறிருவேன். போன வருசம் அங்கன தண்ணி ஏறலைன்னு மாரித்தாய் அக்கா சொன்னாவ."

மாரித்தாய் அங்கே சமைப்பவர். டீச்சரைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். போன வருஷத்து வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு, கூடத்தின் தரைக்கு மூன்று அடி கீழேயே நின்றுவிட்டிருந்தது. வாசலும் வகுப்பிலிருந்து தூரமில்லை.

ஆனந்தவள்ளியை மட்டும் அங்கே அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. வகுப்பு முழுக்க அங்கேயே போகட்டும் என்று செல்வி கேட்டாள். தலைமை ஆசிரியரும் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மணி அடித்தது. காலையில் தூறல் விழுந்திருந்ததால் சரிவுக்கு முன்னால் சக்கரம் சேற்றில் சிக்கிக்கொண்டது. செல்வி பதற்றத்தில் பலமாகத் தள்ளினாள். நாற்காலி ஒரு குலுக்குக் குலுங்கியது. முத்துச்செல்வம் முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டான். சரிவில் ஆனந்தவள்ளி தானே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு ஏறினாள். மற்றவர்கள் அவள் வேகத்துக்குப் பின்னால் நடந்தார்கள்.

செல்வி ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி, டீச்சரிடம் சொன்னாள். ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. மாடிக்குப் போன வகுப்புகளெல்லாம் ஏறி, எண்ணி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

செல்வியின் பாவாடை முழுக்கச் சேறு. அவள் இன்னும் ஆனந்தவள்ளியை நேராகப் பார்க்காமல்தான் நின்றாள்.

"ஏட்டி செல்வி," என்றாள் ஆனந்தவள்ளி. "நீ லீடராவே இருந்துக்கோ. டிரைவர் வேலைக்கு மட்டும் வந்திராத."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். ஆனந்தவள்ளி சிரித்துக்கொண்டிருந்தாள்.