யானைக்கும் பூனைக்கும் ஒரே வால்

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு, 2003ஆம் ஆண்டு, முதல் கணினி வந்தது.

அதை இயக்கும் பொறுப்பு சிவதர்சினி டீச்சருக்குக் கிடைத்தது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கணினி பற்றி இரண்டு வாரம் படித்திருந்தார். படித்ததையெல்லாம் எழுதிய கொப்பி மேசையிலேயே விரித்தபடி இருந்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் சுற்றி நின்றார்கள். டீச்சர் ஒரு சிடியை உள்ளே தள்ளினார். அதில் தமிழ் எழுதிப் பழகும் மென்பொருள் ஒன்று இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. டீச்சர் கொப்பியைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். இன்னொரு கேள்வி வந்தது. மறுபடியும் கொப்பி, மறுபடியும் பொத்தான். பிறகு ஒரு நீலக் கோடு மெதுவாக, மிக மெதுவாக நீண்டது. மலை ஏறி வரும் பஸ்ஸைப் பார்ப்பது போல எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோடு முடிந்ததும் திரையில் சின்னக் கிளிப்படம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதை இரண்டு தரம் அழுத்தியதும் பெரிய சட்டம் ஒன்று திறந்தது. அதற்குள் யானை, பூனை, கரடி, ஆமை என்று வரிசையாகப் படங்கள்.

முன்னால் நின்ற லெட்சுமியை டீச்சர் அழைத்தார். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு யானையை அழுத்தினாள். யானைக்குக் கீழே அதன் பெயர் தமிழில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏ, எச், ஐ, டி என்று நான்கு ஆங்கில எழுத்துகள் வந்தன. பூனையை அழுத்தினாள். ஜி, ஒரு கூட்டல் அடையாளம், ஐ, டி.

டீச்சர் மூடித் திறந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ, லெட்சுமி அதை உடைத்துவிட்டாள் என்று முணுமுணுத்தார்கள். மணி அடிப்பதற்குள் அந்தப் பேச்சு பாடசாலை முழுவதும் பரவிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளை 'பொட்டி ஒடச்ச அக்கா' என்று கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில், அவள் வகுப்பிலேயே படிக்கும் பக்கத்து வீட்டு ஐவி வழக்கம்போல லெட்சுமியைக் கூப்பிடப் போனாள். இருவர் வீடும் தோட்டத் தொழிலாளர்களின் ஒரே லயத்தில், ஒரே வீட்டு வரிசையில்தான். லெட்சுமி பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தலைகூடச் சீவவில்லை.

"நான் தொட்டதுனாலதான் கெட்டுப்போச்சு. நான் வரல, நீ போ" என்றாள்.

ஐவி பாடசாலைக்குக் கிளம்பினாள். தனியாக நடந்தாள். நடந்துகொண்டே கொப்பியைத் திறந்தாள். எதைக் கண்டாலும் எழுதி வைப்பது அவள் பழக்கம். நேற்று திரையில் வந்த எழுத்துகளையும் எழுதி வைத்திருந்தாள். யானைக்குக் கடைசியில் ஐ, டி. பூனைக்கும் கடைசியில் ஐ, டி.

அவள் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். பிறகு ஓடினாள்.

டீச்சர் அப்போதுதான் வகுப்பைத் திறந்துகொண்டிருந்தார். ஐவி மூச்சு வாங்கியபடியே கொப்பியை நீட்டினாள்.

"டீச்சர், யானையிலயும் கடைசி எழுத்து 'னை', பூனையிலயும் 'னை'. ரெண்டுக்கும் ஒரே வால்தான் வந்திருக்குங்க. அப்ப கம்பியூட்டருக்குப் பேரு சரியாத்தான் தெரியுது. தமிழ்ல காட்டத்தான் தெரியல."

டீச்சர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தமிழ் எழுத்து வடிவங்களைத் தனியாகக் கணினியில் போட வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது.

"ஐயோ பிள்ளை, இதை நான் மறந்தே போனன்" என்று தலையில் கை வைத்தார்.

சிடிக்குள் ஒரு மூலையில் அந்த வடிவங்கள் இருந்தன. டீச்சர் அவற்றை எடுத்துக் கணினியில் சேர்த்தார். இனிக் கிளிப்படத்தை அழுத்த வேண்டியதுதான். ஐவியையே அழுத்தச் சொன்னார். ஐவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"லெட்சுமி வந்து அமுக்கட்டும் டீச்சர்."

டீச்சர் கொப்பியை மூடி வைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, நீயும் வா என்றார்.

லயத்துக்கு டீச்சரே வருவதைக் கண்டதும் லெட்சுமி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். டீச்சர் வாசலில் நின்றபடியே பேசினார்.

"லெட்சுமி, நீ ஒண்டையும் உடைக்கேல்லை. பிழை என்ரதுதான். நீ வந்தாத்தான் திறக்கலாம் எண்டு ஐவி சொல்லிப்போட்டாள்."

கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகுதான் லெட்சுமி வெளியே வந்தாள். ஐவி நடந்துகொண்டே அவளுக்குச் சடை பின்னிவிட்டாள். அது கோணலாகத்தான் வந்தது.

வகுப்பே காத்திருந்தது. என்ன நடந்தது என்று டீச்சர் எல்லோருக்கும் சொன்னார். தான் மறந்ததையும் மறைக்கவில்லை. லெட்சுமி கிளிப்படத்தை மெதுவாக இரண்டு தரம் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகம் வாடியது.

"கொஞ்சம் வெரசா, டக் டக்னு" என்று ஐவி காதுக்குள் சொன்னாள்.

டக் டக். சட்டம் திறந்தது. லெட்சுமி யானையை அழுத்தினாள். 'யானை' என்று கொழுகொழுத் தமிழில் வந்தது. பூனையை அழுத்தினாள். 'பூனை' வந்தது.

விரும்பியதை எழுதலாம் என்றார் டீச்சர். திரையின் கீழே இருந்த எழுத்துகளை லெட்சுமி ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்தினாள். 'ட்'டைக் கண்டுபிடிக்கவே நிறைய நேரம் ஆனது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசி எழுத்து விழுந்ததும், டீச்சரோடு சேர்ந்து வகுப்பு முழுவதும் திரையில் இருந்ததை உரக்க வாசித்தது: "லெட்சுமி."