காற்றில்லாத மதியம்

பாகூரில் அந்த வாடகை வீட்டு வாசலில் இறங்கியபோது, சாவியைத் திருப்பக்கூடக் கஸ்தூரியின் கையில் தெம்பில்லை. பக்கவாதத்தில் விழுந்த கணவர் தணிகைவேலை வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கி, கிழக்கு அறையில் படுக்கவைத்தாள். எழுபத்து மூன்றாம் வருடம், கரும்பு வெட்டும் நேரம். ஊரெங்கும் வெல்லம் காய்ச்சும் வாசனை.

கொல்லைக் கதவைத் திறந்தாள். அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வீட்டுக்காரி நாகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அது அப்பிடித்தாம்மா. எங்க நாத்தனா அம்மணி அந்த ரூம்புலதான் எங்க மாமியார பாத்துக்கினு கெடந்தா. வருசக்கணக்கா தூக்கமே கெடையாது. ஒரு நாள் படுத்தவ எழுந்திரிக்கல."

கஸ்தூரி பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவள். "காத்துதாங்க. கடல்காத்து ஜன்னல் வழியா வருது. கொல்லப்பக்கம் அழுத்தம் கம்மி. தொறந்ததும் அங்க ஓடுது, கதவயும் சேத்து இழுத்துக்கினு போவுது. ஜன்னல சாத்துனா அசையாது, பாருங்க."

சாத்தினாள். கொல்லைக் கதவைத் திறந்து மூடிக் காட்டினாள். அறைக் கதவு அசையவில்லை. நாகம்மாள் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்த ஜன்னலைக் கஸ்தூரி திறக்கவேயில்லை. இரவும் பகலும் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். புரட்டும்போதெல்லாம் அவள் இடுப்பு விட்டுப்போகும். புண்ணும் வந்துவிட்டது.

ஒரு மதியம், இலைகூட ஆடவில்லை. வீட்டில் எல்லாம் மூடியிருந்தது. அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

அறைக் கதவு மெல்ல, சத்தமில்லாமல், சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

காற்றுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது.

"என்னங்க!" தோளால் இடித்தாள். உள்ளே கட்டில் முனகியது. புடவை சரசரத்தது. பிறகு, தாழ்ப்பாள் விலகியது.

தணிகைவேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகுக்கு அண்டையாகத் தலையணை. புண்ணில் மருந்து தடவியிருந்தது. வேறு யாருமில்லை.

"நீதான திருப்புன?" என்றார் குழறலாக. "கை ஏன் இப்பிடி சில்லுனு கெடக்குது?"

ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? தரையில் உட்கார்ந்தவளைத் தூக்கம் அப்படியே சாய்த்துவிட்டது.

விழித்தபோது பொழுது இறங்கியிருந்தது. கை தானாகப் பிடரிக்குப் போனது. காலையில் அள்ளி முடிந்த கொண்டையைக் காணோம். தலைமுடி சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இறுக்கமாகப் பின்னியிருந்தது.

பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

அதன் நுனியை யாரோ பிடித்திருந்தார்கள்.